பகலில் எங்கே வைப்பது

அறுபத்தோரு வயது வரை ஆர்டித் ஸ்லோனுக்குக் கைத்துப்பாக்கி தேவைப்பட்டதில்லை. கென்டக்கி மலைகளில், ஸ்டாமர் ஓடைப் பக்கம், நீளத் துப்பாக்கி இல்லாத வீடு கிடையாது. அணிலுக்கு ஒன்று, மானுக்கு ஒன்று என்று கதவுக்குப் பின்னால் துடைப்பத்தோடு சாய்ந்து நிற்கும். அவளும் சிறுமியாக அப்பாவோடு காட்டுக்குப் போய் அணில் சுட்டவள்தான். ஆனால் கைத்துப்பாக்கி வேறு வகை. அதை எடுத்துக்கொண்டு யாரும் மான் வேட்டைக்குப் போவதில்லை. மனிதனை நினைத்து மட்டுமே வாங்குவது அது.

அவள் நினைத்த மனிதன் அவள் பெற்ற ஒரே மகன்.

வெண்டல் கெட்டவனாகப் பிறக்கவில்லை. சுரங்கத்தில் கூரைக்கல் சரிந்து முதுகில் விழுந்தது. வலிக்கு மருத்துவர் மாத்திரை கொடுத்தார். மருத்துவர் நிறுத்திய பிறகும் அவன் நிறுத்தவில்லை. அவன் அப்பா, சாகும் முன், நுரையீரல் நோயில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோதே அலமாரியிலிருந்த வேட்டைத் துப்பாக்கிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பிறகு மரம் அறுக்கும் இயந்திரம் போயிற்று. மிச்சத்தைக் காப்பாற்ற அவள் வாங்கி வைத்த இரும்புப் பெட்டியை, திறக்கக்கூட மெனக்கெடாமல், அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு போனான். ஒருநாள் சம்பளப் பணத்தை அவள் கொடுக்க மறுத்தபோது அவளது வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி உடைத்தான். தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் படியில் வழுக்கி விழுந்துவிட்டதாக மருத்துவமனையில் சொன்னாள். வீட்டோடு கொளுத்திவிடுவேன் என்று அடுத்த முறை அவன் மண்ணெண்ணெயோடு வந்து நின்றபோது, நீதிமன்றத்தில் உண்மையைச் சொன்னாள். அவனைச் சிறைக்குக் கூட்டிப் போகும்போது அவள் பக்கம் திரும்பி, கத்தாமல், கோபமில்லாமல் சொன்னான்:

"தனியாத்தானே இருக்கப் போற, அம்மா."

இலை பழுக்கும் பருவத்தில் அவனை விடுதலை செய்துவிட்டார்கள். வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று தடை உத்தரவு இருந்தது. "கூப்பிட்டா வந்துருவோம்மா. மலைப் பாதை, கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்" என்றார் ஷெரீப் அலுவலகத்துப் போலீஸ்காரர். அந்தக் கொஞ்ச நேரத்தில் என்னவெல்லாம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ரேடியோ போடுவதை நிறுத்தினாள். தண்ணீர் விழும் சத்தத்தில் வேறு சத்தம் கேட்காமல் போகுமென்று குழாயைப் பாதி திறந்து பாத்திரம் கழுவினாள். அடுப்படிச் சுவரில் முதுகை ஒட்டி, நின்றபடியே சாப்பிட்டாள். முப்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பிள்ளைகள் ஏறி, கதவை மூடிய பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

சனிக்கிழமை காலை கோயின் துப்பாக்கிக் கடைக்குப் போனாள். கோய் நாற்பது வயதுக்காரன், ஒருகாலத்தில் அவள் பேருந்தில் பள்ளிக்குப் போனவன். கல்லாவுக்குப் பக்கத்து முக்காலியில் கிழவர் ஹோபர்ட் இருந்தார். அவள் கணவரோடு சுரங்கத்தில் வேலை செய்தவர். மூக்கில் பிராணவாயுக் குழாய், காலடியில் சக்கரம் வைத்த சின்னச் சிலிண்டர். வாரத்துக்கு ஒருமுறை அங்கே உட்கார்ந்து, கேட்காதவர்களுக்கும் யோசனை சொல்வது அவர் வழக்கம்.

"வாங்க ஆர்டித்தம்மா. வழி தவறிட்டீங்களா? பேக்கரி அடுத்த கட்டடம்."

"எனக்கா வழி தெரியாது? உன்னை மூக்கொழுக ஏத்திட்டுப் போனவடா நான். ஒரு கைத்துப்பாக்கி காட்டு."

"யாரைச் சுடப் போற தங்கச்சி, பள்ளிக்கூட நிர்வாகத்தையா?" என்றார் ஹோபர்ட். "அப்படின்னா என் கணக்குல ரெண்டு தோட்டா சேத்து வாங்கிக்க."

கோய் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து உள்ளங்கையில் அடங்கும் ஒன்றை எடுத்து வைத்தான். தீப்பெட்டி போல லேசாக இருந்தது.

"பொம்பளைங்க முதல்ல கேக்குறது இதைத்தான். கைப்பையில போட்டா தெரியவே தெரியாது."

"கதை விடாத கோய். என் மருமக இதைத்தான் வாங்குனா. ஒரே ஒரு தடவை சுட்டுப் பாத்தா. அன்னையிலேர்ந்து அது துணிமணிக்கு நடுவுல தூங்குது. குட்டிக் கழுதைதான் தங்கச்சி பலமா உதைக்கும்."

கோய் சிரித்தான், மறுக்கவில்லை. "நெசந்தான். எடை இருந்தா சுடும்போது வர்ற உதையை அதுவே வாங்கிக்கும். இல்லேன்னா உங்க கை வாங்கிக்கணும்."

அடுத்து ஒரு பிஸ்டல். நிறையத் தோட்டா கொள்ளும், போலீஸ்காரர்கள் வைத்திருப்பது. முதல் தோட்டா உள்ளே ஏற, மேல்பகுதியைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட வேண்டும். ஆர்டித் இழுத்தாள். பாதி வந்தது. மணிக்கட்டுக்குள் ஏதோ நெரிந்து கை விட்டுவிட்டது. கையை மாற்றி இழுத்தாள். அதே பாதி. அடுப்படியில் தான் இப்படி இழுத்துக்கொண்டு நிற்க, வெண்டல் அவசரமில்லாமல் மேஜையைச் சுற்றி வருவதை அவள் கண்ணால் பார்த்தது போலப் பார்த்தாள். பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவ்வளவு பெரிய வண்டியைத் திருப்புற கை. இதுக்கு என்ன ஆச்சு?" என்றார் ஹோபர்ட்.

"ஒடைஞ்ச கை அண்ணே. பஸ் படியில விழுந்து."

"ஆமா, ஆமா. அந்தப் படி" என்று சொல்லிவிட்டு, சிலிண்டரின் திருகைச் சரிபார்க்கத் தொடங்கினார்.

மூன்றாவதாக, ஓரத்தில் இருந்த பழைய ரிவால்வர் ஒன்றைக் கோய் எடுத்தான். எஃகு உடம்பு, மரப்பிடி, உள்ளங்கை நீளம்கூட இல்லாத குழல்.

"இதுல இழுக்கற வேலையே இல்ல. தோட்டாவைப் போட்டு உருளையை மூடுனா முடிஞ்சது. விசையை அழுத்துங்க, சுடும். ஒண்ணு சுடலைன்னா மறுபடி அழுத்துங்க, அடுத்தது சுடும். யோசிக்கறதுக்கு எதுவும் வைக்கல. பயத்துல இருக்கும்போது யோசனை வராது ஆர்டித்தம்மா."

கடைக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் காகிதத் தட்டு ஒன்றைக் குத்தி வைத்துச் சுடச் சொன்னான். முதல் குண்டு மண்ணில் போயிற்று. உதை தோள் வரை வந்தது, ஆனால் மணிக்கட்டு தாங்கியது. அடுத்தவற்றில் பெரும்பாலானவை தட்டில் விழுந்தன.

"இதையே எடுத்துக்கறேன்" என்றாள் உள்ளே வந்து.

கோய் ரிவால்வரைக் கல்லாவில் வைக்கவில்லை. திரும்பவும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடி, மூடியின் மேல் கையை ஊன்றிக்கொண்டான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இது யாருக்கு வாங்கறீங்க?"

"என்னடா கேள்வி. எனக்குத்தான்."

"கேக்காம விக்கக் கூடாது. உங்களுக்கே உங்களுக்கா? வேற யாருக்கும் இல்லையே?"

"கோய், நேராச் சொல்லு."

"வியாழக்கிழமை வெண்டல் வந்தான்" என்றான். "இங்கதான் நின்னான். இந்தக் கண்ணாடி மேல விரலை வெச்சு இதே ரிவால்வரைக் காட்டினான். ஜெயிலுக்குப் போனவனுக்கு விக்க முடியாதுன்னு உனக்கே தெரியும்னேன். சும்மா பாத்தேன்னு சிரிச்சுட்டுப் போயிட்டான். ரெண்டு நாள் கழிச்சு அவன் அம்மா வந்து அதையே எடுக்கறாங்க. நான் என்ன நினைக்கறது? தானா வாங்க முடியாதவன் பொண்டாட்டியை அனுப்புவான், அம்மாவை அனுப்புவான். வித்தவன் கடைக்குப் பூட்டு."

கோய் தன்னைச் சந்தேகப்படுகிறான் என்பது ஆர்டித்துக்குப் பிறகுதான் உறைத்தது. முதலில் உறைத்தது, வெண்டல் ஊருக்குள் வந்துவிட்டான் என்பது. வந்து முதல் வேலையாகத் துப்பாக்கி பார்த்திருக்கிறான். அவள் இப்போது கால் வைத்திருக்கும் இடத்தில் நின்றிருக்கிறான். கடைவாசலைத் திரும்பிப் பார்த்தாள். பேக்கரி வண்டி ஒன்றுதான் நின்றது.

அவனுக்காக அல்ல என்றால் எதற்காக என்று சொல்லியாக வேண்டும். நீதிபதியிடம் சொன்னது வேறு; அவர் வெளியூர்க்காரர், பெயர் கூப்பிடும்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். இங்கே ஹோபர்ட் இருக்கிறார். வெண்டல் பிறந்தபோது சுருட்டு வாங்கி ஊருக்கே கொடுத்தவர்.

"அவனுக்குப் பயந்துதான் வாங்கறேன்" என்றாள். ஹோபர்ட் பக்கம் பார்க்காமல் மறுபடி சொன்னாள். "அவனுக்குப் பயந்து வாங்கறேன் கோய். கையை ஒடைச்சது படி இல்ல. அவன்தான்."

ஹோபர்ட் முக்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"தெரியும் தங்கச்சி" என்றார் ஹோபர்ட். "ஊருக்கே தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் படியைப் பத்திப் பேசுனீங்களா?"

"நீ படின்னு சொல்ற வரைக்கும் நாங்க வேற என்ன சொல்றது?"

கோய் பெட்டியைத் திறந்து ரிவால்வரை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"நம்பறேன். விக்கறேன். ஆனா ஒண்ணு யோசிச்சீங்களா? ஸ்கூல் பஸ்ஸுல இதைக் கொண்டு போக முடியாது. கண்டுபிடிச்சா வேலையும் போகும், கேஸும் வரும். விடிகாலையில கிளம்புனா சாயங்காலம்தான் வீட்டுக்கு வரீங்க. பகல்ல இதை எங்க வைப்பீங்க?"

அவள் யோசித்திருக்கவில்லை. எந்தத் துப்பாக்கி என்று மட்டுமே யோசித்திருந்தாள். இப்போது வீட்டை மனதுக்குள் அறை அறையாகச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு இடத்திலும் அவனே நின்றான். அந்த வீட்டில் அவன் கை போகாத பொந்து எது? அவள் ஒளித்ததை அவன் எடுக்காமல் விட்டது எது?

"சின்னதா இரும்புப் பெட்டி இருக்கு. தரையோட சேத்து முடுக்கிடலாம்" என்றான் கோய்.

"பெரிய பெட்டியையே தோள்ல தூக்கிட்டுப் போனவன். தரையையும் சேத்துப் பேத்துட்டுப் போவான்."

"அப்ப இதை வாங்கறதும் ஒண்ணுதான், அவன் கையில குடுக்கறதும் ஒண்ணுதான்."

அது உண்மை. வெறுங்கையோடு வந்த வெண்டல் கையை உடைத்தான். இதோடு வந்தால்? ஆனால் வாங்காமல் திரும்பினால், இன்று மாலையும் குழாயைப் பாதி திறந்துகொண்டு நிற்க வேண்டும். அவள் விரல்கள் மரப்பிடியின் மேல் இருந்தன. எடுக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை.

"எங்கிட்ட குடுத்துட்டுப் போ" என்றார் ஹோபர்ட்.

"உங்ககிட்டயா?"

"பஸ் ஷெட்டுக்கு எதிர்வீடு என்னுது. காலையில குடு, சாயங்காலம் வாங்கிக்க."

"உங்களுக்கு மூச்சு விடவே நேரம் போதல அண்ணே."

"அதனாலதான் சொல்றேன். வீட்டு ஆக்சிஜன் மெஷினோட குழாய் வாசல் வரைக்கும்தான் எட்டும். அதைத் தாண்டணும்னா இந்தச் சிலிண்டர் வேணும், அது வாரத்துக்கு ஒண்ணுதான். எழுந்து ஓடவே முடியாத காவக்காரன் உனக்கு வேற எங்க கெடைப்பான்? மடியில போர்வைக்கு அடியில வெச்சுக்கிட்டு டிவி பாக்கறேன். வெண்டலுக்கு மட்டும் இல்ல, என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது."

கோய் அவள் பெயரைத் தொலைபேசியில் அரசாங்கத்துக்குத் தெரிவித்து, சற்று நேரத்தில் அனுமதி வந்ததும் ரிவால்வரைக் கட்டிக் கொடுத்தான். ஞாயிறு முழுக்க அது அவள் கோட்டுப் பையில் கிடந்து தொடையில் இடித்தது. தைரியம் வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது இன்னொரு பயம்: குனியும்போது விழுந்துவிடுமோ, பாத்திரம் கழுவிய ஈரத்தில் கை வழுக்குமோ, வெண்டல் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தால் விரல் அசையுமோ. திங்கள் விடிகாலையில் அதைத் துண்டில் சுற்றி ஹோபர்ட்டிடம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தாள். மாலையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

முன்கதவு அவள் பூட்டியபடியே இருந்தது. உள்ளே அடி வைத்ததும் காலடியில் ஏதோ வழுக்கியது.

மாவு. டப்பா மேஜையில் கவிழ்ந்திருந்தது. மாவைக் கையால் பரப்பித் துழாவியதில் விரல் தடங்கள் இருந்தன. பின்பக்க ஜன்னல் கண்ணாடி சட்டத்திலிருந்து உடையாமல் கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. மெத்தை கிழிந்திருந்தது. கணவரின் சுரங்கக் காலணிகள் நுனி வரை அறுக்கப்பட்டிருந்தன. துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்தகடு கழற்றப்பட்டு, திருகாணிகள் அதன் மேல் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ரிவால்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அறையாக, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் பார்த்தாள். யாரும் இல்லை. அலமாரியில் சில்லறை போட்டு வைத்த ஜாடி நிறைந்தபடியே இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் அவன் தொடாமல் விட்ட முதல் காசு அது.

ஷெரீப் அலுவலகத்துக்காரர் வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார்.

"என்னம்மா காணோம்?"

"எதுவும் இல்ல."

"டிவி இருக்கு, காசு இருக்கு. அப்ப இவ்வளவு தூரம் எதைத் தேடினான்?"

அவள் கோட்டை விலக்கி ரிவால்வரைக் காட்டினாள். "சனிக்கிழமைதான் வாங்குனேன். சின்ன ஊர், அதுக்குள்ள அவன் காதுக்குப் போயிருக்கு." அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார்.

"நல்லவேளை வீட்ல வைக்கல. உங்க மேலயே இருக்கட்டும்."

"என் மேலதான் இருக்குன்னு இப்ப அவனுக்கும் தெரியும்" என்றாள் ஆர்டித்.

அவர் ஜன்னலில் பலகை அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஹோபர்ட்டின் வாசலில், துண்டில் சுற்றிய ரிவால்வரை அவள் நீட்டினாள், ஆனால் கை அதை விடவில்லை. கிழவர் மறுமுனையைப் பிடித்தபடி நின்றார், இழுக்கவில்லை.

"நேரமாச்சு தங்கச்சி. குளிர்ல புள்ளைங்க நிப்பாங்க."

விட்டாள். சாலையைக் கடந்து ஷெட்டுக்குள் போய் வண்டியின் விளக்குகளைப் போட்டாள். வழக்கமாக மாலையில்தான், தூங்கிப்போன பிள்ளை யாராவது உண்டா என்று கடைசி வரிசை வரை நடந்து பார்ப்பாள். அன்று வண்டியை எடுக்கும் முன்பே, ஓடி இறங்க வசதியாகக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஒவ்வோர் இருக்கையின் அடியிலும் குனிந்து பார்த்துக்கொண்டு போனாள்.