சோப்பண்ணன் அறையில் இருந்த பெண்

பல்கலைக்கழக விடுதியில் துணி வெளுக்கும் சோப்பண்ணன் தன் அறையில் ஒரு பெண்ணை ஒளித்து வைத்திருந்தாராம். அதனால்தான் சீட்டு கிழிந்ததாம். ஊரே பேசியது. டீக்கடையில் அவள் ஒரு பேராசிரியரின் மனைவி. முடிதிருத்தும் கடைக்குப் போவதற்குள் வேறொரு பேராசிரியரின் மனைவி. இத்தனை மனைவிகளைத் தொலைத்த பல்கலைக்கழகம் எப்படித்தான் நடக்கிறதோ என்று விசாரிக்கப் போனேன்.

பெண் இருந்தது உண்மை. அது சோப்பண்ணனேதான்.

ஒல்லியான ஆள், கல்யாணம் ஆகவில்லை. பெயரில்தான் சோப்பு, மேலிடத்துக்குப் போடத் தெரியாது. மாணவர்கள் ஆண்டுதோறும் நிர்வாகத்துக்குத் தெரியாமல் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஒட்டிப்போட்டு 'டிராக் ஷோ' நடத்துவார்கள். பையன்கள் பெண் வேடம் கட்டி ஆடிப்பாடி ஊரைக் கேலி செய்வது. பச்சை கவுனும் சவுரியுமாக இவர் 'சீமாட்டி'யாக இறங்கினால் கூடம் அதிரும். வேடக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: சவுரியைக் கழற்றிய பிறகு வேடத்தை 'நான்' என்று சொல்லக் கூடாது. 'அவ போயிட்டா' என்றுதான் சொல்வார்கள்.

அந்த வழக்கம்தான் கழுத்தை அறுத்தது. ஆட்டம் முடிந்து அறைக்குத் திரும்பியவரைக் கவுனோடு ஜன்னல் வழியே வார்டன் பார்த்துவிட்டார். அவர் படியேறிக் கதவைத் தட்டுவதற்குள் இவர் முகம் கழுவிப் பழைய சட்டைக்கு மாறிவிட்டார்.

"யாருய்யா அந்தப் பொண்ணு?"

"சீமாட்டி சார்."

"எங்க அவ?"

"போயிட்டா சார்."

குற்றத்தை ஒப்புக்கொண்டதாக விசாரணைக் குழுவுக்குத் தகவல் போயிற்று. வேலை போனால் அறையும் போகும். இவருக்கு வேறு வீடு கிடையாது. ஷோ நடத்திய மாணவர் தலைவரைச் சாட்சி சொல்லக் கெஞ்சினார்.

"இப்ப சொன்னா எங்களத் தூக்கிடுவாங்கண்ணே. பரீட்சை முடியட்டும், நானே வந்து சொல்றேன்."

வேறு வழியில்லாமல் கவுனைப் பையில் போட்டுக்கொண்டு விசாரணைக்குப் போனார். பக்கத்துக் கழிவறையில் உடை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். பட்டப்பகல். விசில் இல்லை, கைதட்டல் இல்லை. எதிரே மூன்று உம்மணாமூஞ்சிகள். சீமாட்டி வரவில்லை, கவுன் மாட்டிய சோப்பண்ணன்தான் நின்றார்.

குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது நீதானேப்பா? நாங்க கேக்குறது அந்தப் பொண்ண."

வார்டன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். "இது இல்ல சார்! அது நல்ல லட்சணமான பொண்ணு. எனக்குத் தெரியாதா?"

இத்தனை வருஷ மேடையில் சோப்பண்ணனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை. வேலை போயிற்று.

இப்போது அக்கா வீட்டில் மாடிப்படிக்குக் கீழே பாய். மச்சான் பார்க்கும்போதெல்லாம், "என்ன மாப்ள, வீட்டம்மா எப்ப வர்றாங்க?" என்கிறார். அக்காவோ, தம்பிக்கு ஒருத்தியாவது வாய்த்தாளே என்று வதந்தியையே நம்ப ஆசைப்படுகிறாள். இவர் மறுப்பதை விட்டுவிட்டார்.

"திரும்ப ஆடுவீங்களா?" என்று கேட்டேன்.

"கண்ணாடி முன்னாடி நின்னு கூப்பிட்டுப் பாத்தேன் சார். அன்னைக்கு அவங்க முன்னாடி அவமானப்பட்டா பாருங்க, அதுக்கப்புறம் வரவே மாட்டேங்கிறா." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பரீட்சை முடிந்து பட்டமும் கொடுத்தாயிற்று. மாணவர் தலைவரைத் தேடிப் பிடித்தேன்.

"அண்ணனுக்கு ஒரு வார்த்தை பாக்கி இருக்கு சார், மறக்கல," என்றார். "முதல்ல வேலை ஒண்ணு கிடைக்கட்டும்."