தியானத்தில் வந்து நின்ற அத்தை

ஜெபிக்க உட்கார்ந்தால் ஜெபம் வரவில்லை, அத்தை வந்தார். அறுபத்தெட்டாம் ஆண்டுக் கோடையில் நான் பட்ட துன்பத்தை இந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த அத்தையின் வழியாகவே ஆண்டவர் என் மன்றாட்டைக் கேட்டார் என்பதை, விசுவாசத்தில் என் உடன்பிறந்தோரே, சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

பி.ஏ. தமிழ் இலக்கியத் தேர்வை எழுதிவிட்டுக் கிருஷ்ணகிரிக்கு வந்திருந்தேன். குருபரப்பள்ளியிலிருந்து ஒரு வரன் அமைந்தது. மேலே படிக்க விடுவதாக வாக்களித்தார்கள், சம்மதித்தேன். நம் வழக்கப்படி கோயிலில் திருமண ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். லத்தீனில் இருந்த பூசை தமிழுக்கு வந்த புதிது. மூன்று ஞாயிறுகளில் மணமக்களின் பெயர்களை வாசித்து, தடை ஏதும் அறிந்தவர்கள் அதை மறைக்காமல் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று பங்குக்குரு அறிவிப்பார். எங்கள் ஓலை இரண்டு ஞாயிறுகளில் வாசிக்கப்பட்டது. மூன்றாம் ஞாயிறு வேறொரு ஜோடியின் பெயரை வாசித்துவிட்டு அவர் பிரசங்கத்துக்குப் போய்விட்டார். பாயில் அமர்ந்திருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முந்தின மாலையே பங்குக்குருவிடம் வந்து மறுத்துவிட்டுப் போயிருந்தனர். அதை எங்களுக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

காரணம் என் அப்பாவின் தங்கை. தவறாமல் தினப்பூசை கண்டு, நன்மை என்று நாம் சொல்லும் நற்கருணை அப்பத்தை வாங்குபவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் ஒரு முறை எனக்கு வலிப்பு கண்டது. அதை அவர் சந்தையில் மாப்பிள்ளையின் தாயிடம் சொல்லியிருந்தார். நெருங்கிய இரத்த உறவு, முன்பே நடந்த திருமணம் போன்றவற்றையே திருச்சபை தடை என்கிறது. குழந்தைப் பருவத்து வலிப்பை அல்ல. அம்மா கேட்டபோது அத்தை தயங்கவே இல்லை.

“சாமியாரே சொல்றாரு அண்ணி, தெரிஞ்சவங்க மறைக்கக் கூடாதுன்னு. ரெண்டு ஞாயித்துக்கெழம வாய மூடிக்கிட்டு நன்ம வாங்கிட்டேன். மூணாவதும் அப்படியே போய் நின்னா எனக்கில்ல பாவம்? முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் சொன்னேன்.”

“கேட்டது சாமியாரு. நீ சொன்னது சந்தையில,” என்றார் அம்மா. “அவருகிட்ட சொல்லியிருந்தா, இது தடையே இல்லன்னு அங்கயே முடிஞ்சிருக்கும்.”

“பொய்யா சொன்னேன்? அன்னிக்கு இவளத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவ நாந்தானே.”

பொறாமையால் செய்திருந்தால் வெறுப்பது எளிதாக இருந்திருக்கும். அவரோ ஜெபித்துவிட்டுச் செய்திருக்கிறார். அப்படியானால் என் ஜெபத்துக்கு மட்டும் என்ன மதிப்பு?

கல்லூரி விடுதியில் கற்ற பழக்கம் ஒன்று எனக்கு இருந்தது. நாள்தோறும் விடியலில் நற்செய்தியின் ஒரு பகுதியை வாசித்து, கண்களை மூடி அக்காட்சியை மனத்தில் எழுப்பி, அதன் ஓரத்தில் நின்று ஆண்டவரைப் பார்த்துக்கொண்டிருப்பது. இலக்கியம் படிப்பவளுக்கு அது கைவந்தது. அந்தக் கற்பனையே இப்போது எனக்குப் பகையாயிற்று. கானாவூர்த் திருமணத்தில் அத்தை பந்தி விசாரித்தார். பெண்களே இல்லாத காட்சியைத் தேடிச் சீடர்களின் படகை எடுத்தேன். அங்கும் ஏறி அமர்ந்துகொண்டு, தமக்கல்லவா பாவம் என்றார். நான் அவருக்குப் பதில் சொல்வேன், கூர் தீட்டிய வாக்கியங்களில். கண் திறந்தால் மாங்காய் வண்டிகள் மண்டிக்குப் போகும் சத்தம் கேட்கும். ஜெப நேரம் முடிந்திருக்கும்.

பராக்கு பாவமல்ல, மனத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும் என்பார்கள். திருப்பினேன். உரக்க வாசித்தேன். சிலுவையின் மேல் கண்ணை நிறுத்தினேன். மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொல்லியும் பார்த்தேன். அது பொய்யென்று சொல்லும்போதே தெரிந்தது. கடைசியில், “ஆண்டவரே, இவரை விலக்கி ஒரு நாளாவது உம்மைப் பார்க்க விடும், இல்லையேல் இதோடு விட்டுவிடுகிறேன்” என்றேன். அது ஜெபமல்ல, மிரட்டல். என்னிடம் வேறு ஜெபம் இல்லை.

நற்செய்தியை வரிசையாகத் தியானித்து வந்தேன். வலிப்பு கண்ட மகனைத் தகப்பன் ஆண்டவரிடம் கொண்டுவரும் பகுதி வந்தது. கண்டதும் பக்கத்தைத் தள்ளினேன். மறுநாள், இதிலும் என்னை விடமாட்டீரா என்ற கோபத்தோடுதான் திரும்பி அங்கே வந்தேன். கூட்டம், புழுதி, வாதாடும் சீடர்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் அந்தத் தகப்பன் அல்ல, அத்தை. இளம்பெண்ணாக, செருப்பில்லாமல், கொண்டை அவிழ்ந்து ஓடி வந்தார். கையில் விறைத்துப்போன ஒரு குழந்தை. அது நான். அவரை மட்டும் வெளியே அனுப்ப எனக்கு வழியில்லை; அனுப்பினால் என்னை யார் சுமப்பது? எவ்வளவு காலமாக இப்படி என்று ஆண்டவர் அவரிடம் கேட்டார். அத்தையால் பேச முடியவில்லை. முதல் முறையாக நானும் பேசவில்லை. குனிந்திருந்த ஆண்டவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து தோளைத் தொட்டபோது வெயில் ஏறியிருந்தது. மண்டிக்கு வண்டிகள் போனதை அன்று நான் கேட்கவில்லை.

கேட்டது கிடைத்தது, கேட்ட விதத்தில் அல்ல. கசப்பு கரைந்துவிடவும் இல்லை. அந்த மாப்பிள்ளைக்கு வேறோர் ஊரில் மூன்று ஓலையும் வாசித்து மணம் முடிந்துவிட்டது. என்னைக் கேட்டு வரும் வரன்கள் வலிப்பைப் பற்றி விசாரித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். நான் எம்.ஏ. படிக்கிறேன். அத்தை இன்றும் தியானத்தில் வருகிறார். வந்திருக்கிறார் என்று ஆண்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஆண்டவரின் முகத்தைப் பார்க்கிறேன்.

விடுமுறையில் ஒரு ஞாயிறு, பூசைக்கு முன் அத்தை தணிந்த குரலில் கேட்டார்: “இன்னும் எம்மேல கோவமா, பாப்பா?”

“ஆமா அத்தை.”

“அதோடயா நன்ம வாங்கப் போற?”

“தெனமும் ஆண்டவருகிட்ட சொல்லிட்டுத்தான் இருக்கறேன்.”

அத்தை பாயில் சற்றே நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

உங்கள் ஜெபத்திலும் யாரேனும் இப்படி வந்து நின்று ஆண்டவரை மறைக்கலாம். வந்தவரைத் துரத்துவதில் காலத்தைக் கழிக்காதீர்கள், எழுந்தும் போய்விடாதீர்கள். இனிய சொல் வராவிட்டால் கசந்த சொல்லையே ஆண்டவர்முன் வையுங்கள். என்னிடமிருந்து அவர் பெற்றுக்கொண்டது அதுதான். அதற்கே அவருக்கு நன்றி சொல்கிறேன்.