நான் மெட்ராஸுக்கு அனுப்பிய ஓட்டக்காரர்

ஒரு மனிதரை இரண்டு வருஷம் மெட்ராஸுக்கு அனுப்பி வைத்தவன் நான். அவர் போகவில்லை, போய்வந்ததாக நான் எழுதினேன். அந்த எழுத்தால் அவர் நிஜமாகவே, பெண்டாட்டி பிள்ளைகளோடு, திரும்பி வரமுடியாதபடி கப்பலேற வேண்டி வந்திருக்கும். இதைச் செய்தபோது நான் சின்னப் பையன் இல்லை. முப்பது வயது, மாத்தளையில் தமிழ் வாத்தியார் வேலை, வீட்டில் ஓர் அலுமாரி நிறையப் புத்தகம். படித்ததுதான் வினை. படிக்காதவன் எவனும் இப்படியொரு காரியத்தைச் செய்திருக்க மாட்டான்.

அவர் ஊருக்கு முதலில் ஓட்டக்காரர், பிறகு முதலாளி, கடைசியில் நகரசபை உறுப்பினர். எனக்கு எப்போதும் அண்ணன். ஒன்பது வயதில் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கடல் தாண்டி வந்தவர். பலாபத்வலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பதினைந்து வயதில் அவருக்குத் தப்பால் வேலை கொடுத்தார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது என்ன வேலை என்று சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் தோட்டத்து ஆபீசில் பூட்டிய பையை வாங்கிக்கொண்டு டவுன் தபால் கந்தோருக்கு இறங்கவேண்டும். கடிதம், துரையின் பேப்பர், துரைசாணியின் பாண் ரொட்டி, இறைச்சி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு மறுபடி ஏறவேண்டும். போக ஆறு மைல் இறக்கம், வர ஆறு மைல் ஏற்றம். இறைச்சி வெயிலில் கெட்டுப்போனால் ஏச்சு விழும் என்பதால் இவர் ஓடினார். பத்துப் பதினோரு வருஷம் ஓடினார். அவருக்கு ஓட்டம் கற்பித்த குரு, அந்த மாட்டிறைச்சிப் பொட்டலம்தான்.

சுதந்திரம் வந்த பிறகு ஒரு புத்தாண்டுக்கு நாவுலயிலிருந்து மாத்தளைக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். மற்றவர்கள் பலாபத்வலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது இவர் டவுனில் மாலையோடு உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். காலில் செருப்புக்கூட இல்லை. அதற்குப் பிறகு கண்டி, கொழும்பு, வெள்ளிக் கிண்ணங்கள், பேப்பரில் படம். டவுனில் ஒரு துணிக்கடை ஹாஜியார் அவரைக் கூப்பிட்டுக் கடையில் நிறுத்திக்கொண்டார். சேலை எடுக்க வந்தவர்கள் இவருடைய காலைப் பார்த்துவிட்டு, சும்மா போனால் மரியாதையில்லை என்று நாலு கெஜம் சீத்தைத் துணியாவது கிழித்துக்கொண்டு போனார்கள். இவர் வாய் பேசாமல் வியாபாரம் படித்தார். கலேவெலப் பக்கத்துச் செத்தல் மிளகாயும் வெங்காயமும் ஏற்ற ஒரு லொறி வாங்கினார். அது மூன்றாயிற்று. பெரிய தெருவில் கடை வந்தது.

அந்தக் கடையில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில், கிண்ணங்களுக்கெல்லாம் மேலே, கண்ணாடி போட்டு ஒரு காகிதம் தொங்கியது. பிரஜாவுரிமைப் பத்திரம். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று உரிமை பறிக்கப்பட்ட எங்கள் ஆட்களில் விண்ணப்பம் போட்ட முக்கால்வாசிப் பேருக்கு 'இல்லை' என்ற பதிலே வந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு துண்டு இல்லை, ஒரு தேதி சரியில்லை என்று தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களையே தட்டிக் கழித்தார்கள். என்னுடைய விண்ணப்பமும் எங்கோ ஒரு மேசைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. இவருக்கு மட்டும் எப்படியோ கிடைத்துவிட்டது. வாடிக்கையாளர்கள் கிண்ணத்தைப் பார்ப்பார்கள். எங்கள் ஆட்கள் அந்தக் காகிதத்தைப் பார்ப்பார்கள்.

காகிதம் இருந்ததால் வட்டாரத்தில் தேர்தலுக்கு நின்றார். தன்னைப் பற்றி எட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். வாக்கில்லாத நான் வாக்குக் கேட்டு எழுதச் சம்மதித்தேன். விஷயங்களைச் சொன்னார். தப்பால் பையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. எனக்கும் அது பிடிக்கவில்லை. நான் படித்திருந்த மகான்களின் சரித்திரத்தில் எவரும் இறைச்சி சுமக்கவில்லை. எல்லோரும் இரண்டாம் அத்தியாயத்தில் தூரதேசம் போனார்கள், கஷ்டப்பட்டார்கள், கற்றார்கள், திரும்பினார்கள். ஆகவே பையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மெட்ராஸை வைத்தேன். யுத்த காலத்தில் இரண்டு வருஷம், கடற்கரை மணலில் விடிய முன்னம் பயிற்சி, கடைசியில் ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரியோடு ஓடி வெற்றி. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று அந்த ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இவரை அதே கடற்கரையில் ஓடவிட்டிருக்கிறேன் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

வாசித்துக் காட்டினேன். காகிதங்களை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபமோ என்று பயந்தேன்.

"அந்த வெள்ளைக்காரன் எவ்வளவு பின்னால வந்தான் மாஸ்டர்?"

"பத்தடின்னு எழுதியிருக்கேன் அண்ணே."

"இருபதுன்னு போடுங்க."

புத்தகம் அச்சாகி வந்தது. நான் எழுதியதிலேயே மக்கள் நம்பியது அது ஒன்றுதான். சலூனில் சத்தம் போட்டு வாசித்தார்கள். ஸ்டேசன் போர்ட்டர் ஒருவர், அந்தக் காலத்தில் அவருடைய பெட்டியைத் தூக்கிக் கோச்சியில் ஏற்றிவிட்டது தானேதான் என்று என்னிடமே சொன்னார். பெட்டி என்ன நிறம் என்று கேட்டேன். பச்சை என்றார்.

இரண்டு வாரம் கழித்து அவருக்கு மண்ணிறக் கவர் ஒன்று வந்தது. அவருடைய பிரஜாவுரிமைப் பதிவு சம்பந்தமாகப் யாரோ எழுதிய பெட்டிசம் கிடைத்திருப்பதாகவும், ஆவணங்களோடு அரசாங்கக் கச்சேரிக்கு விசாரணைக்கு வரவேண்டும் என்றும் அதில் இருந்தது. வேறு விபரமில்லை. வழக்குப் பார்க்கும் பிரக்டர் ஒருவரிடம் ஓடினோம். அவர் சட்டத்தைப் புரட்டிவிட்டுச் சொன்ன பலதில் ஒன்றுதான் என் காதில் விழுந்தது. சட்டம் கணக்கில் எடுக்கும் அந்த யுத்த கால வருஷங்களில் ஒரு வருஷத்துக்கு மேல் இலங்கையை விட்டுப் போயிருந்தவருக்கு உரிமை கிடையாது. தெரிந்து மறைத்திருந்தால் கொடுத்த பத்திரத்தையும் பிடுங்கிவிடலாம்.

வீட்டுக்கு வந்து என் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருஷம். பத்து மாதம் என்று எழுதியிருக்கலாம். ஆறு மாதம் போதாதா, மணலில் ஓடுவதற்கு? இரண்டு வருஷம் என்றால் காதுக்குக் கனமாக இருக்கிறது என்று நானே போட்டது. அன்றிலிருந்து அந்த மனிதரைக் கரையேற்ற நான் பட்ட பாடு இருக்கிறதே, அதில் கால்வாசி பட்டிருந்தால் என் சொந்த விண்ணப்பத்தை மேசையிலிருந்து எழுப்பியிருப்பேன்.

முதலில், நான் எழுதியது பொய் என்று சத்தியக் கடதாசி முடிப்பதற்குச் சமாதான நீதவானிடம் போனேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"மாஸ்டர், இருவது வருஷமா இந்த மேசையில சீல் குத்துறேன். சொல்றதெல்லாம் உண்மைன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் எல்லாரும் பொய் சொல்லுவாங்க. சொன்னது பொய்னு சத்தியம் பண்ண வந்த மொத ஆள் நீங்கதான்."

குத்தினார். மூன்று பக்கம். மெட்ராஸ், இரண்டு வருஷம், கடற்கரை, வெள்ளைக்காரன் என்று ஒன்றுவிடாமல் எழுதி, அத்தனையும் என் கற்பனை என்று உறுதிகூறி, பதிவுத் தபாலில் கச்சேரிக்கு அனுப்பினேன். மனச்சாட்சி சுத்தமானது போல் இருந்தது.

ஆனால் பொய்யன் ஒருவனின் கடதாசி மட்டும் போதாது, அந்த இரண்டு வருஷமும் அவர் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றார் பிரக்டர். தோட்டத்தில் தப்பால் புத்தகம் என்று ஒன்று உண்டு. பையை வாங்கும்போது தப்பால்காரர் தினமும் அதில் கைநாட்டு வைக்கவேண்டும். அதைத் தேடி நான்கு சனிக்கிழமை பலாபத்வலைக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து ஏறினேன். முதல் சனிக்கிழமை பெரிய கிளாக்கர் லீவு. இரண்டாவது சனிக்கிழமை, துரையின் உத்தரவில்லாமல் காட்டமுடியாது என்றார். மூன்றாவது சனிக்கிழமை உத்தரவு இருந்தது, ஸ்டோர் சாவி இல்லை. நான்காவது சனிக்கிழமை ஸ்டோரைத் திறந்தால், பழைய புத்தகங்களைக் கறையான் தின்றிருந்தது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்த பிறகு, ஆடாமல் இருக்க அலுமாரிக் காலுக்குக் கீழே எதையோ கொடுத்திருப்பது கண்ணில் பட்டது. யுத்த காலத்துத் தப்பால் புத்தகம். ஞாயிறு தவிர ஒரு நாள் விடாமல் நீலக் கைநாட்டு. அலுமாரிக்குப் பலகை ஒன்று வெட்டிக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

துள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் அதைத் தொடவில்லை.

"இத உள்ள வைங்க மாஸ்டர். ஆளுங்க பாத்துறப் போறாங்க."

"அண்ணே, ஒங்கள இந்த ஊர்ல வச்சிருக்கப் போறது இதுதான்."

"தொரைக்கு எறச்சி தூக்குனவன்னு தெரிஞ்சா எவன் ஓட்டுப் போடுவான்? மெட்ராஸப் பத்திப் பேசாத ஆளில்ல இப்ப." குனிந்து உள்ளங்காலைத் தடவினார். "விடியக்காலையிலயே அந்த மணல் என்னமா சுடும் தெரியுமா?"

"அத நான் எழுதினேன் அண்ணே. விடியக்காலையில மணல் சுடாது. அதுவும் தப்பு."

"இருந்தாலும் சுட்டுச்சில்ல" என்றார்.

அவரோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். கெஞ்சினேன், ஏசினேன், நாடு கடத்தினால் போய் இறங்கவேண்டிய மண்டபம் முகாமை விவரித்தேன். அவருடைய பெண்டாட்டியையே தூது விட்டேன். அந்த அம்மா அதே தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். அவரே இப்போது, மெட்ராஸிலிருந்து தனக்கு வளையல் வாங்கி வந்ததாகப் பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

விசாரணை நாளன்று இரண்டு லொறி ஆள் கச்சேரி முற்றத்தில் இறங்கியது. ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே முகம் முகமாகத் தெரிந்தது. விசாரணை செய்தவர் நிதானமான ஒரு சிங்களக் கனவான். பக்கத்தில், டவுன் முஸ்லிம் வாலிபர் ஒருவர் மொழிபெயர்த்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். கோப்பில் என் சத்தியக் கடதாசிதான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. சொன்னால் வெட்கம், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

விசாரணைக்காரர் அதை விரலால் தட்டினார். இதை எழுதியவர் தன்னைப் பொய்யர் என்கிறார், பொய்யரின் சத்தியத்தை வைத்து நான் என்ன செய்வது என்று கேட்டார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அண்ணனைப் பார்த்து, நீங்கள் மெட்ராஸில் இரண்டு வருஷம் இருந்தீர்களா இல்லையா என்றார்.

அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். போர்ட்டர் முன்வரிசையில் நின்றிருந்தார். நான் மடியில் வைத்திருந்த தப்பால் புத்தகம் வியர்வையில் நனைந்தது. இல்லை என்ற ஒரு சொல், அவ்வளவுதான். நாவுலயிலிருந்து மாத்தளை வரை நிற்காமல் ஓடியவருக்கு அந்த ஒரு சொல்லைத் தாண்ட வெகுநேரம் எடுத்தது. கடைசியில், என்னிடம் கேட்காமலே, கையை நீட்டிப் புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்தார்.

"போகலைங்க. ஒரு நாளும் போகலை. தொரைக்குத் தப்பால் தூக்கினேன். இது என் கைநாட்டு."

இங்கிலீஷில் கையெழுத்துப் போடப் பழகியிருந்த முதலாளி, வேட்டியில் பெருவிரலைத் துடைத்துவிட்டு மை கேட்டார். ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரேகை ஒன்றுதான். பத்திரம் செல்லும் என்று அன்றே எழுதிவிட்டார்கள்.

வெளியே தலைகுனிந்து வந்தார். நானும் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்தேன், உண்மையைப் பற்றி. தேவைப்படவில்லை. லொறிக்காரர்கள் அவரைத் தூக்கிவிட்டார்கள். எவ்வளவு பெரிய அதிகாரி முன்னால், கண் சிமிட்டாமல் மெட்ராஸுக்குப் போகவில்லை என்று அடித்துவிட்டார் பார்த்தாயா, பழைய புத்தகத்தில் கைநாட்டுக்கூட வைத்துக் கொண்டுவந்திருக்கிறார், இப்படி ஒரு சாமர்த்தியசாலி நகரசபைக்கு வேண்டாமா என்று ஆளுக்காள் சொன்னார்கள். இல்லை ஐயா, அதுதான் உண்மை, மெட்ராஸ்தான் பொய் என்று லொறிக்கு லொறி போய்ச் சொன்னேன். போர்ட்டர் என் தோளைத் தட்டி, "சரி மாஸ்டர், வெளிய யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்" என்றார்.

நல்ல வித்தியாசத்தில் வென்றார். வெற்றிக் கூட்டத்தில் கடற்கரை மணலைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார். வெள்ளைக்காரன் முப்பதடி பின்னால் வந்தான்.

சில மாதங்களுக்குப் பிறகு நாவுல பஸ்ஸில், குறிப்பு எழுதிய அந்த வாலிபர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வயிற்றெரிச்சலைக் கொட்டினேன். நான் எழுதிய புத்தகத்தால் ஒரு மனிதனின் பிரஜாவுரிமையே போகவிருந்தது, நல்லவேளையாக என் சத்தியக் கடதாசியும் தப்பால் புத்தகமும் காப்பாற்றின என்றேன். ஒருவராவது அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"பெட்டிசத்துல இருந்தது, அவரு தோட்டத்த விட்டு டவுனுக்கு வந்தப்ப விலாசம் மாத்திப் பதியலைங்கிறது மட்டுந்தான் சேர். அஞ்சு நிமிஷ வேல. ஒங்க கடதாசி வர்ற வரைக்கும் ஃபைல்ல மெட்ராஸ்ங்கிற பேச்சே இல்ல. அந்தப் புத்தகத்த கச்சேரியில யாரும் வாசிக்கவுமில்ல."