“எந்த வருஷ பாடிண்ணா?”

இன்று அப்பாவும் நானும் உடல் தானப் படிவத்தைக் கொடுக்க ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ்ஸில் போனோம். தாம் இறந்த பிறகு மருத்துவ மாணவர்கள் தம் உடலை அறுத்துப் படிக்கட்டும் என்பது அப்பாவின் விருப்பம். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டாவது சாட்சியாக வருவதாகச் சொன்ன கம்பெனி நண்பர் பஸ் ஸ்டாண்டிலேயே பயந்து திரும்பிவிட்டார். எனக்கோ பதினெட்டு வயது ஆகவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அப்பா மருத்துவக் கல்லூரிக்கு போன் செய்தார்.

“பாடியைச் சும்மாவேதான் சார் குடுக்கறேன். ஒரு சாட்சிதான் கிடைக்கல.”

அருகில் அமர்ந்திருந்தவர் லாரிக்குப் பாடி கட்டுபவராம். ஆவலாகத் திரும்பினார்.

“எந்த வருஷ பாடிண்ணா?”

“எழுபத்தஞ்சு.”

“அடேங்கப்பா! துரு புடிச்சிருக்குமே?”

“சுகர் மட்டும்தாங்க.”

அவர் விழித்தார். நான் படிவத்தைக் காட்டி விளக்கினேன். அவர் படிவத்தை வாங்கி முழுசாகப் படித்தார்.

பிறகு, “நானும் பழைய பாடியைப் பிரிச்சுப் பார்த்துதான் தொழில் கத்துக்கிட்டேன். பேனா குடு பாப்பா” என்றார்.

கையெழுத்துப் போட்டார். ‘உறவுமுறை’ என்ற கட்டத்தில் யோசிக்காமல் ‘பக்கத்து சீட்டு’ என்று எழுதினார்.

கல்லூரியில் ஒரு நிமிடம் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள்.

இந்த உறவுக்குத் தமிழில் இதைவிட நல்ல சொல் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். எனக்குக் கிடைக்கவில்லை.