மல்லசமுத்திரத்தில் ஓர் ஓமலூர்க் கதவு

கதவு எண்களைப் பார்ப்பதற்கென்றே எவனாவது பஸ் ஏறுவானா? நான் ஏறினேன்! 1931 தை மாதம். ஜனத்தொகைக் கணக்குக்காக எல்லா ஊரிலும் ஒரே முறையில் வீடுகளுக்கு எண் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் முதல் எண் தாலுகா, அடுத்தது ஊர், கடைசியில் வீடு. எந்த ஊரையும் எந்த ஊரோடும் ஒப்பிடலாம். இதைக் கேட்ட பிறகு வீட்டில் எப்படி உட்காருவது?

சேலத்தில் காலை ஏழு மணிக்குப் பஸ். மல்லசமுத்திரத்துக்கு எட்டணா. ஊருக்கு ஊர் நான் எழுந்து எட்டிப் பார்த்ததில் டிரைவர் கடுப்பாகிவிட்டார். "ஏனுங்க, கதவத்தான் பாக்கோணும்னா உங்கூட்டுக் கதவு ஆகாதுங்களா?"

இறங்கி இரண்டு மைல் நடந்தேன். சோளக்காட்டு ஓரம் ஏழெட்டுப் புதுக் குடிசைகள். எல்லாக் கதவிலும் தாரில் எண். ஆனால் முதல் எண் மல்லசமுத்திரம் சேர்ந்த திருச்செங்கோடு தாலுகாவின் ஏழு இல்லை. ஓமலூர்த் தாலுகாவின் நாலு! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"மேட்டூர் அணைத் தண்ணி ஊருக்குள்ள வரும்னாங்க, வந்துட்டோமுங்க" என்றார் முதல் குடிசையில் இருந்த நல்லம்மாள். "ஊட்ட உட்டுப்போட்டோம், கதவ உடுவமா? வேங்கை மரமுங்க!"

அந்த நேரம் கணக்கெடுக்கும் வாத்தியார் சைக்கிளில் போனார். ஓடிப்போய் மறித்தேன். இவர்களை எழுதியாயிற்றா?

"எண் இருக்குதுங்களே? யாராச்சும் எழுதியிருப்பாங்க."

நல்லம்மாள் முகம் வாடிவிட்டது. இத்தனை வீடு என்று கணக்கில் ஏறினால்தான் இங்கே கிணறு வெட்ட எழுதிப்போட முடியுமாம். "அங்க ஆளில்ல, இங்க கணக்கில்ல. அப்ப நாங்க எந்தூருங்க சாமி?"

நாலு ஓமலூர் எண் என்று வாத்தியாரிடம் படபடத்தேன். அவசரத்தில் அவருடைய தார்ச்சட்டியையும் தூரிகையையும் பிடுங்கிக் கதவு எண்ணை அழிக்கவும் போய்விட்டேன். நல்லம்மாள் கதவை மறைத்து நின்றுகொண்டார்.

"அதத் தொடாதீங்க! அந்த ஊருல நாங்க இருந்ததுக்கு இது ஒண்ணுதானுங்க இருக்குது."

வாத்தியார் சிரித்தபடி தூரிகையை வாங்கிக்கொண்டார். "கதவு அவங்களோட வந்துச்சு, இருக்கட்டும். செவுரு இந்தூரு மண்ணுதானுங்களே?" சுவரில் ஏழு விழுந்தது. வீடு வீடாகப் பெயர்களும் ஏறின.

எண்ணைப் பார்த்தால் ஊர் தெரியும் என்று குதித்துக்கொண்டிருந்தேன். ஊர் இடம்பெயரும்போது எண்ணும் கதவோடு மாட்டுவண்டியில் ஏறிவிடுகிறது.

போகிறவர்களுக்கு: திரும்பும் பஸ் மாலை நாலு மணிக்கு. குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். குடிசைக்காரர்கள் இப்போதைக்கு ஒரு மைல் நடந்து சுமந்து வருகிறார்கள். கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டார்கள், அதனால் கேட்காதீர்கள்.