கறுப்பு அடித்த கோடு

சாலையில் வேலை நடக்கிறது என்றால் நம் கண்ணில் படுவது குழி தோண்டுகிறவர்கள்தான். அந்தக் குழியைச் சுற்றி நாம் எப்படிப் போக வேண்டும், எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்றெல்லாம் யாரோ ஒருவர் முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்திருப்பார் என்பது தோன்றுவதில்லை. அவர் வேலையைச் சரியாகச் செய்திருந்தால் தோன்றவும் தோன்றாது. வழி புரியாமல் தடுமாறும்போதுதான், "எந்தப் புண்ணியவான் இதைப் போட்டான்?" என்று கேட்கிறோம்.

எங்கள் ஊரில் அந்தப் புண்ணியவான் ஒரு பெண். நெடுஞ்சாலை அலுவலகத்தில் எல்லோரும் அவரை அம்புக்குறி மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். மாற்றுப்பாதைகளுக்கு வரைபடம் போடுவது அவர் வேலை. பலகை எங்கே நிற்க வேண்டும், கோன்கள் எனப்படும் தடுப்புக் கூம்புகள் எவ்வளவு இடைவெளியில் வர வேண்டும், எந்தக் கோட்டை அழித்து எந்தக் கோட்டைப் போட வேண்டும் என்பதெல்லாம் அவர் மேஜையிலிருந்துதான் புறப்படும். அந்த மேஜை முன்னால் அவர் தொடர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாலு கோடு போடுவார், எழுந்து ஜன்னலுக்குப் போவார், கீழே தெருவைப் பார்ப்பார், திரும்பி வந்து இரண்டு கோட்டை அழிப்பார். வைத்த தேநீர் ஆறி ஆடை கட்டிக் கிடக்கும்.

வீட்டிலும் அதே கதைதான். சமையலறை வாசலில் இரண்டு பேர் இடித்துக்கொள்கிறார்கள் என்று குளிர்சாதனப் பெட்டியை இடம் மாற்றினார். பிறகு வேறு இடத்தில் இடித்துக்கொண்டார்கள். மறுபடி மாற்றினார். தையற்கடை வைத்திருக்கும் கணவர், வீட்டுக்குள் நுழையும்போதே, "இன்னிக்கு எந்தப் பக்கமா போகணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

அவரைச் சாமர்த்தியசாலி என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. சாமர்த்தியசாலிகள் ஒரு முடிவுக்கு வந்ததும் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

ஆற்றுப்பாலத்து விவகாரத்தில் அவருக்கு அந்தத் தூக்கம்தான் போயிற்று.

அகலமான பாலம் அது. ஊருக்குள் போகிற வண்டிகளுக்கு ஒரு பாதி, வெளியே வருகிற வண்டிகளுக்கு ஒரு பாதி. வெளியே வரும் பாதியின் தளம் விரிசல் விட்டுவிட்டது. அதை மூடி, உடைத்து, புதிதாகப் போட வேண்டும். அதுவரை இரண்டு பக்கத்து வண்டிகளும் நல்ல பாதியிலேயே எதிரும் புதிருமாகப் போய்வர வேண்டும். நடுவில் கோன்கள் மட்டும்.

அம்புக்குறி மேடம் இதை இரண்டு கட்டமாகப் பிரித்தார். முதலில் ஊருக்குள் போகிறவர்களை மட்டும் ஓரத்துத் தடத்துக்கு ஒதுக்குவது, பக்கத்துத் தடத்தைக் காலியாக விட்டு வைப்பது. ஜனங்களுக்குப் பழகட்டும். பிறகு திங்கட்கிழமை காலையிலிருந்து அந்தக் காலித் தடத்தில் எதிர்வண்டிகளை விடுவது. பாலத்தின் நுழைவில், சாய்ந்த விளக்குக் கம்பம் ஒன்று இருக்கிறது. அதன் அருகே பழைய வெள்ளைக் கோடு நேராகப் போகும். அதன்மேல் கறுப்பு வண்ணம் அடிக்கச் சொல்லிவிட்டு, ஓரத்துக்கு வளையும் புதுக் கோட்டைப் போட்டார். ஒரு நாள்கூடப் பாலத்தை மூடாமல் வேலை முடியும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, ஒன்றைத் தவிர. தினமும் காலையில் சாய்ந்த கம்பத்தின் அருகே சில கோன்கள் விழுந்து கிடந்தன. வேறெங்கும் இல்லை, அங்கே மட்டும். மதியத்துக்குமேல் ஒன்றுகூட விழுவதில்லை.

கோன்களை அடுக்கும் குழுவின் மேற்பார்வையாளருக்கு, அவர் குழுவினரே கோன் மாஸ்டர் என்று பட்டம் கட்டியிருந்தார்கள். அவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"காலைல ஜனங்களுக்குத் தூக்கக் கலக்கம் மேடம். பாதிப் பேரு பல்லு தேச்சிக்கிட்டே வண்டி ஓட்டுறான்."

"தூக்கக் கலக்கம்னா எல்லா இடத்துலயும்தானே இடிக்கணும்? அந்தக் கம்பத்துக்கிட்ட மட்டும் ஏன்?"

"அந்தக் கம்பமே சாஞ்சு நின்னு தூங்குது. அதைப் பாத்து இவங்களுக்கும் கொட்டாவி வருதோ என்னமோ."

மேடம் சிரிக்கவில்லை. காலையில் போய்க் கம்பத்தின் அடியில் நின்று வருகிற வண்டிகளைப் பார்த்தார். சில வண்டிகள் அங்கே வந்ததும் ஒரு கணம் தள்ளாடின. சில காலித் தடத்துக்குள் நுழைந்து, சுதாரித்துத் திரும்பின. ஏன் என்று தெரியவில்லை. மதியம் அலுவலக ஜீப்பில் ஏறி அதே வழியே போய்ப் பார்த்தார். புதுக் கோடு பளிச்சென்று வளைந்தது. வரைபடத்தை எடுத்து வைத்துச் சரிபார்த்தார். அதில் ஒரு குறையும் இல்லை. குறை கிடைத்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்றைக்கு அந்தத் தள்ளாட்டத்தால் யாருக்கும் ஆபத்தில்லை, பக்கத்துத் தடம் காலி. திங்கட்கிழமை அது காலியாக இருக்காது.

சனிக்கிழமை மதியத்துக்குள் சரி, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார் தலைமைப் பொறியாளர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேடம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கரண்டிகளைப் பாலமாகவும் பட்டாணியை வண்டிகளாகவும் வைத்து நகர்த்திக்கொண்டிருந்தார்.

கணவர் பக்கத்தில் நின்று பார்த்தார். "எனக்கும் துணியை வெட்டுறதுக்கு முன்னாடி கை நடுங்கும். வெட்டினதுக்கு அப்புறம் கவலைப்பட்டு என்ன ஆகப்போகுது?"

"நான் இன்னும் வெட்டலைங்க. நாளைக்கு மத்தியானம்தான் வெட்டணும்."

"அப்படின்னா பட்டாணியையாவது கொடு, அது வேகட்டும்."

மறுநாள் ஜீப் ஓட்டுநர் விடுப்பு. வேறு வண்டி தேடிக்கொண்டிருந்தபோது நாத்தனார் வந்து நின்றாள். கணவரின் தங்கை, ஆற்றைத் தாண்டி ஊருக்குள் இருக்கும் பல் மருத்துவமனையில் செவிலி. புதிதாகக் கார் வாங்கியிருந்தாள். அவள் ஓட்டுவதைப் பற்றிக் குடும்பத்தில் நல்ல அபிப்பிராயம் கிடையாது. மேடம் இதுவரை அந்தக் காரில் ஏறாமல் தப்பித்து வந்திருந்தார். இன்றைக்கு வேறு வழியில்லை.

விடியற்காலையில் மழை பெய்து விட்டிருந்தது. வெயில் எதிரே தாழ்வாக வந்தது. நாத்தனார் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, மறுகையால் ஓட்டி, வாயால் மருத்துவமனைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கையாலயும் பிடிச்சு ஓட்டேன்."

"அண்ணி, கொஞ்சம் காலை எடுங்க. அந்தப் பக்கம் பிரேக் கிடையாது. இந்த அழுத்து அழுத்தினா என் புதுக் காரு ஓட்டையாயிடும்."

மேடம் குனிந்து பார்த்தார். வலது கால் கால்விரிப்பை உள்ளே தள்ளிக்கொண்டு நின்றது. அதை இழுத்துக்கொண்டார். பாலம் வந்தது. கால் தானாகவே மறுபடி அழுத்தியது.

சாய்ந்த கம்பம் நெருங்கியது. கார் வளையவில்லை, நேராகப் போயிற்று. தொம், தொம் என்று இரண்டு கோன்கள் முகப்பில் மோதி உருண்டன. கார் காலித் தடத்தில் போய் நின்றது.

"ஏன் நேரா வந்த?" மேடத்தின் குரல் ஏறிவிட்டது. "வளையணும்னு தெரியலையா?"

"எதுக்கு வளையணும்? கோடு நேராத்தானே போகுது! நான் கோட்டைப் பாத்துத்தான் வந்தேன். கோட்டைப் பாரு, கோட்டைப் பாருன்னு வீட்டுக்கு வந்தா உயிரை எடுக்குறது நீங்கதானே அண்ணி?"

"எந்தக் கோடு?"

"அதோ. பளபளன்னு கண்ணைப் பறிக்குதே. அதைப் பாக்குறதா, வெயிலைப் பாக்குறதா?"

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர், அவள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தார். ஈரச் சாலை முழுவதும் மங்கலாக இருந்தது. அதன் நடுவே வெயிலை வாங்கிக்கொண்டு, வெள்ளிக் கம்பி இழுத்தது போல ஒரு கோடு நேராக ஓடியது. அவர் கறுப்பு அடிக்கச் சொன்ன கோடு; வழவழப்பான அந்த வண்ணம்தான் மின்னியது. அதன் பக்கத்தில் புதிய வெள்ளைக் கோடு வெளிறி, இருப்பதே தெரியாமல் ஓரமாக ஒதுங்கிப் போயிற்று.

கதவைத் திறந்து இறங்கினார். கம்பத்தடிக்கு ஓடித் திரும்பிப் பார்த்தார். தினமும் நின்ற இடம் அது, சூரியன் முதுகுக்குப் பின்னால். அங்கிருந்து கறுப்பில் கறுப்பாக ஒன்றும் தெரியவில்லை. மறுபடி காருக்குப் பின்னால் வந்து சூரியனைப் பார்த்து, ஓட்டுநர் இருக்கையின் உயரத்துக்குக் குந்தினார். தெரிந்தது. எழுந்தார், கொஞ்சம் மங்கியது. குந்தினார், மினுங்கியது.

"நடு ரோட்டுல தோப்புக்கரணம் போடாதீங்க அண்ணி, பாக்குறவங்க நான்தான் தண்டனை குடுத்தேன்னு நினைக்கப் போறாங்க!"

கோன் மாஸ்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஏம்மா, இவ்ளோ பெரிய கோன் கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சா இடிப்பேனா? காசு குடுத்து வாங்கின காருங்க இது!"

"சண்டை அப்புறம். நீங்க இங்க வந்து குந்துங்க," என்றார் மேடம்.

"நானா?"

"குந்துங்கன்னா."

கோன் மாஸ்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்தினார். பார்த்தார். "அட," என்றார். எழுந்துகொண்டே, "பெயிண்ட் அடிச்சா போதும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க," என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஞாபகம் வந்தது, சொன்னார்.

ஒன்றை மறைத்துவிட்டால் அது இல்லாமல் போய்விடும் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். மேலிருந்து பார்த்து வரைகிறவருக்கு இந்த நினைப்பு இன்னும் எளிதாக வரும். தாளில் ரப்பரால் அழித்தால் கோடு போய்விடுகிறதே.

அங்கேயே நின்று தலைமைப் பொறியாளரை அழைத்தார். போக்குவரத்து இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டார்.

"திங்கக்கிழமை வேண்டாம் சார். பழைய கோட்டைச் சுரண்டி எடுக்காம எதிர்வண்டி விட முடியாது."

"யாருக்காவது அடிபட்டுச்சா?"

"இல்ல சார். கோன் மட்டும்தான்."

"கோனுக்காகப் பாலத்தை மூடச் சொல்றீங்களா?"

"இன்னிக்கு அது கோன் சார். திங்கக்கிழமை அதே இடத்துல எதிர்ல ஒரு வண்டி வரும்."

"பெயிண்ட் அடிச்சா போதும்னு யாரு சொன்னது?"

"நான்தான்."

"மூடவே வேண்டாம்னு எழுதிக் குடுத்ததும் நீங்கதான்."

"நான்தான் சார். மூடக்கூடாதுங்கற பிடிவாதத்துலதான் சுரண்டாம விட்டேன்."

"ஊரே வந்து என் தலையைத்தான் உருட்டும், தெரியுமில்ல?"

"என் பேரைச் சொல்லிடுங்க சார்."

"உங்க பேரு யாருக்குத் தெரியும்?" என்றார் அவர். அது உண்மைதான். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கொடுத்தார். திங்கட்கிழமை காலை பார்த்துவிட்டு மேடம் சரி என்றால் மட்டுமே எதிர்வண்டிகளை விடுவது என்றும் ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு பாலம் மூடப்பட்டது. வண்டிகள் எல்லாம் பழைய குறுகிய பாலத்துக்குத் திருப்பப்பட்டன. ஊர் இரண்டு கரையிலும் முண்டியடித்து நின்று ஹாரன் அடித்தது. இந்தப் பக்கம் சுரண்டும் இயந்திரம் புழுதி கிளப்பிக்கொண்டு கோட்டின் மேலேயே ஊர்ந்தது. மேடம் அதன் பின்னாலேயே நடந்தார். கோடு போயிற்று. போன இடத்தில் அதே அகலத்தில், அதே நேர்த்தியில், வெளிறிய ஒரு தழும்பு நீளமாகக் கிடந்தது.

"மேடம், போயிடுச்சு!" என்றார் கோன் மாஸ்டர் சந்தோஷமாக.

"எங்க போயிடுச்சு? நிறம்தான் மாறியிருக்கு." குந்தினார், எழுந்தார். "கோட்டை மட்டும் சுரண்டினா இன்னொரு கோடுதான் வரும். இந்த அகலம் பூரா சுரண்டணும். கம்பத்துக்கு முன்னாடியிருந்து வளைவு முடியிற வரைக்கும். அப்புறம் மொத்தமா ஒரே பூச்சு."

"சாயங்காலத்துக்குள்ளயா?"

"பேசிக்கிட்டே நின்னா முடியாது."

அந்த நேரம் கைபேசி அடித்தது. நாத்தனார், பழைய பாலத்து நெரிசலிலிருந்து.

"அண்ணி, எந்த மகராசி இன்னிக்குப் பாலத்தை மூடச் சொன்னது? இன்னிக்குன்னு பாத்து எனக்கு டியூட்டி! டாக்டரு அங்க ஒருத்தர் வாயைத் தொறக்க வச்சிட்டு எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு!"

"உன்னாலதான் மூடினோம்."

"என்னாலயா? ரெண்டு கோன் இடிச்சதுக்கு ஊரையே நிறுத்துவீங்களா? நல்ல அண்ணி வந்து வாச்சீங்க எனக்கு!"

மேடத்துக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றும்விட்டது. ஏனென்றால் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது, பூச்சு இன்னும் தொடங்கவில்லை.

தொடங்கினார்கள். மழை ஏமாற்றிவிட்டு வேறெங்கோ போயிற்று. இருட்டுவதற்குள் வளைவு முழுக்க மணல் கலந்த சொரசொரப்பான ஒரே நிறம். அதன்மேல் ஒரே ஒரு வெள்ளைக் கோடு.

திங்கட்கிழமை காலை தார்ப் பூச்சு காய்ந்திருந்தது, பனியில் சற்று ஈரம். வெயில் அதே தாழ்வில், அதே எதிர்ப்புறம். எதிர்வண்டிகள் கோன் மாஸ்டரின் சிவப்புக் கொடிக்குப் பின்னால் பாலத்தின் மறுகோடியில் காத்திருந்தன. மேடம் தானாகவே கேட்டு நாத்தனார் காரிலேயே ஏறினார்.

"இன்னிக்கு ஜீப் இருக்கே அண்ணி?"

"உன்னை மாதிரி ஓட்ட ஜீப் டிரைவருக்குத் தெரியாது."

"இது பாராட்டா, திட்டா?"

"ஓட்டு."

நாத்தனார் ஓட்டினாள். நேற்று வாயைத் திறந்துகொண்டு இவளுக்காகக் காத்திருந்தவர், கோபித்துக்கொண்டு வாயை மூடிய கதையைச் சொன்னாள். பாலம் வந்தது. சாய்ந்த கம்பம் வந்தது. அவள் கை தானாக வளைந்தது. பேச்சு நிற்கவில்லை. கோன்கள் வரிசையாக, ஒன்றும் அசையாமல், ஜன்னலை ஒட்டிப் பின்னால் போயின. கம்பம் கண்ணாடியில் சிறுத்தது.

"ஆமா, இங்க எங்கயோதானே நான் இடிச்சேன்? எந்த இடம் அண்ணி?"

"தாண்டிட்டோம்."

"அவ்ளோதானா?" என்று சொல்லிவிட்டு அவள் பல் கதைக்கே திரும்பிப் போனாள்.

மேடம் கைபேசியை எடுத்து, "விடுங்க," என்றார். மறுகோடியில் கொடி இறங்கியது. பெரிய லாரி ஒன்று முதலில் நகர்ந்து, கோன்களுக்கு அந்தப் பக்கம் எதிரே வரத் தொடங்கியது. பின்னால் பள்ளி வேன், அதன் பின்னால் இருசக்கர வண்டிகள். லாரி அவர்களை உரசுவது போலக் கடந்தபோது நாத்தனார் பேச்சை நிறுத்தவில்லை. மேடம் திரும்பி, அது சாய்ந்த கம்பத்தை நோக்கிப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி," என்றாள் நாத்தனார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "காலு."

அவர் காலை இழுத்துக்கொண்டார். காரின் கண்ணாடியில் வெயிலோடு முதல் தூறல் விழுந்தது.