நிக்கிற வேலை

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒருமுறை சொற்களை உயர்திணை, அஃறிணை என்று இரண்டு பெட்டிகளுக்குள் பிரித்து எழுதச் சொன்னார்கள். நான் அஃறிணைப் பெட்டியில் காகம், கதிரை இரண்டுக்கும் கீழே ‘ஆமி’ என்று எழுதினேன். எங்கள் வீட்டில் ஆமி வந்தது, ஆமி சுட்டது, ஆமி பிடிச்சுக்கொண்டு போனது என்றுதான் பேச்சு. ‘அது’ என்று முடிந்தால் அஃறிணை என்பதுதானே பாடம். ஆசிரியை அந்தச் சொல்லுக்குச் சரியும் போடவில்லை, பிழையும் போடவில்லை. பேனையை மூடிவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தார்.

அப்போது எனக்கு ஏழு வயது. ஆமி என்பது ஆமைக்குச் சொந்தக்காரப் பிராணி என்று நினைத்திருந்தேன். பத்து வயதில் அது இலங்கை அரசாங்கத்தின் படை என்று தெரிந்துவிட்டது. படைக்குள் ஆட்கள் இருப்பார்கள் என்பது மட்டும் தெரியவில்லை.

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்தில், அந்தப் பத்து வயதில், எங்களுக்கு முதலாம் மாடியில் இரண்டு அறை வீடு. அப்பாவுக்கு உணவகக் குசினியில் வேலை, அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. சண்டைக் காலத்தில் பிள்ளைகளாக இருந்ததால் இருவருமே ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதங்களை வாசித்துச் சொல்பவன் நான்தான். பள்ளிக்கூடம் ஒரு மணிக்கு விடும். அம்மா வர ஐந்தாகும். நடுவிலுள்ள நான்கு மணித்தியாலமும் நானும் பிரிட்ஜும்தான். அது ஓடி நிற்கும்போதுதான் இவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டிருந்தது தெரியும். கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த படத்தில் சைக்கிளைப் பிடித்தபடி அம்மாவின் தம்பி சிரித்துக்கொண்டிருப்பார். சமாதானம் முறிந்த வருஷம் ஊர்ச் சந்தியில் ஆமி மறித்தது, பிறகு ஆளைக் காணவில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒருநாள் படியில் ஏறும்போது மேலே இருந்து இறங்கி வந்த ஒருவர் என்னை மறித்து, “எங்க இருந்து வாறது? எங்க போறது?” என்று கேட்டார். கூரைக்குக் கீழுள்ள ஒற்றை அறைக்குப் புதிதாக வந்தவர். அம்மா அவரை மலையாளி என்று நினைத்திருந்தார். மனிதரைப் பார்த்து ‘வாறது’, ‘போறது’ என்று கேட்கும் தமிழ் எனக்குச் சிரிப்பாக இருந்தது. “பள்ளிக்கூடத்தில இருந்து வாறது, வீட்ட போறது” என்றேன். அவரும் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அதுவே எங்கள் விளையாட்டு. “ஐசி எங்க?” என்று அடையாள அட்டை கேட்பார், நான் பஸ் கார்ட்டை நீட்டுவேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, படத்தையும் என்னையும் ஒத்துப் பார்த்து, “சரி, போ” என்பார். ஒரு நாள் முழுவதிலும் என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்தது அவர் ஒருவர்தான்.

பிறகு தேத்தண்ணி குடிக்க மேலே போகத் தொடங்கினேன். அவர் அறையில் ஒரே ஒரு கதிரை. அதை எனக்குத் தந்துவிட்டு யன்னலோரம் நிற்பார்.

“இருங்கோ மாமா.”

“எனக்கு நிக்கிறது பழக்கம், தம்பி. அங்க செய்தது நிக்கிற வேலை.”

“அப்பிடியும் ஒரு வேலை இருக்கோ?”

“இருக்கு. மழைக்கும் நிக்கிறது, வெயிலுக்கும் நிக்கிறது. மாசம் முடிய சம்பளம் குடுக்கிறது.”

தான் சிங்களவர் என்றும், வடக்கில் நின்றபோது தமிழ் பழகியதாகவும் சொன்னார். அது எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போலந்துக்காரர் என்பதைப் போலத்தான் கேட்டது. அவருடன் கதைக்க அங்கே வேறு யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை அவர் ஒரு மஞ்சள் உறையைத் தந்தார். மஞ்சள் உறை வந்தால் பெரியவர்களின் முகம் மாறும் என்பது எனக்குத் தெரியும். அவருடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்திருந்தார்கள். இரண்டு கிழமைக்குள் நீதிமன்றத்துக்கு எழுதாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதுவரை வாசித்துச் சொன்னேன். அடிக்கடி வந்த ஒரு நீளச் சொல் மட்டும் விளங்கவில்லை. என் வகுப்பு ரீச்சரிடம் கேட்டு வருகிறேன் என்று கடிதத்தைப் புத்தகப்பைக்குள் வைத்தேன்.

“கவனம் தம்பி. அது போனா நான் போனது” என்றார்.

அன்று பின்னேரம் அம்மா வேலையால் வந்து கதவைத் திறந்தபோது, கோடு போடும் அடிமட்டத்தைக் குறுக்கே பிடித்து மறித்தேன். “எங்க இருந்து வாறது? எங்க போறது? ஐசி எங்க?”

அம்மாவின் கையிலிருந்த பை விழுந்தது. தோடம்பழம் ஒன்று படியில் உருண்டு போனது. அம்மா அதைப் பார்க்கவில்லை.

“ஆர் பழக்கினது?”

“மேல்வீட்டு மாமா. நிக்கிற வேலை செய்யேக்க தமிழ் பழகினவராம்.”

அம்மா கோட்டைக் கழற்றாமலே சப்பாத்துத் தட்டின் மேல் இருந்துவிட்டார். “அது ஆமி” என்றார். “இனி அந்தப் பக்கம் கால் வைக்கப்படாது.”

மறுநாள் ரீச்சர் அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொன்னார். ஆனால் மேலே போக எனக்கு ஏலாது. கடிதம் பையில் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லவும் ஏலாது. மத்தியானங்களில் எங்கள் கதவு மெல்லத் தட்டப்படும். “தம்பி, கடிதம்?” என்று ஒரு குரல் கேட்கும். நான் மேசைக்குக் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். ஆமி வந்து தட்டினால் சத்தம் போடக்கூடாது என்று அம்மா சொன்ன கதைகளில் இருந்தது. காலடிச் சத்தம் மேலே ஏறிப் போய் முடிந்த பிறகு, பிரிட்ஜ் மறுபடி ஓடத் தொடங்கும்.

பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டுப் பெட்டியைத் தேடிய அம்மா மஞ்சள் உறையைக் கண்டெடுத்தார். எங்களுக்கு வந்தது என்று நினைத்து அவர் முகம் வெளுத்துப் போனது. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஏசவில்லை. “வாசி” என்றார்.

“அவர் ஆமியில இருந்தவராம். தேர்தல் நேரம் ஒளிச்சு எதிர்க்கட்சிக்கு உதவி செய்தவராம். கூட இருந்த கொஞ்சப் பேருக்கும் அரசாங்கத்தில வெறுப்பாம். அதில ரெண்டு பேரைப் பிடிச்சுக்கொண்டு போனதாம்.”

“ஆர் பிடிச்சது?”

“ஆமி.”

“ஆமியை ஆமியோ?”

“ஓம். அவையளின்ர வீட்டாக்கள் இன்னும் தேடுகினமாம்.”

“கடைசியா என்ன எழுதியிருக்கு?”

ரீச்சரிடம் கேட்ட சொல் அங்கேயும் இருந்தது. “அவர் சொல்லுறதை நம்பேலாதாம்.”

“அப்பாவுக்கும் முதல்ல உப்பிடித்தான் எழுதினவங்கள்” என்றார் அம்மா. “இன்னும் எத்தினை நாள் இருக்கு?”

“ரெண்டு.”

அம்மா கடிதத்தை எடுத்துக்கொண்டு படியேறினார். நான் நாலு படி பின்னால் போனேன். அடி விழப்போகிறது என்று நினைத்தேன், அவருக்கோ அம்மாவுக்கோ என்றுதான் தெரியவில்லை. அவர் கதவைத் திறந்து, அம்மாவைக் கண்டதும் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நேராக நின்றார். அம்மா கடிதத்தைக் கொடுக்கவில்லை.

“எங்க எங்க நிண்டனீங்கள்?”

அவர் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனார். எங்கள் ஊர்ச் சந்தியின் பெயர் வந்ததும் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

“அங்க எப்ப? சமாதானம் முறிஞ்ச வருஷமோ?”

“இல்லை அக்கா. அதுக்கு அடுத்த வருஷம்தான் என்னை அங்க போட்டது.”

“அதுக்கு முந்தின வருஷம் நிண்ட ஆரையும் தெரியுமோ? ஒராளையாவது?”

“தெரியாது அக்கா. அந்த ஆளெல்லாம் மாத்தினது.”

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

அவர் யோசித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா அங்கேயே நின்றார். படிக்கட்டு விளக்கு தானாக அணைந்தது. நான் எட்டி அழுத்தினேன். வெளிச்சம் வந்தபோது கடிதம் மாமாவின் கையில் இருந்தது.

“ரெயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில அகதியளுக்கு ஆலோசனை சொல்லுற இடம் ஒண்டு இருக்கு” என்றார் அம்மா. “எட்டு மணிக்குத்தான் திறக்கிறது, ஏழுக்கே லைன் வந்திடும். நாளைக்கு முதல் ஆளாப் போய் நில்லுங்கோ. நிக்கிறது உங்களுக்குப் பழக்கம்தானே.”

அவர் போனார், நீதிமன்றத்துக்கு எழுதியும் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை படியில் சந்தித்தோம். பஸ் கார்ட்டை நீட்டினேன். அவர் ஒன்றும் கேட்காமல், சுவரோடு ஒதுங்கி எனக்கு வழி விட்டார். சில மாதங்களில் மணிப் பொத்தானுக்குப் பக்கத்திலிருந்த அவர் பெயர்ச்சீட்டு இல்லாமல் போனது. வழக்கு என்ன ஆனதென்று இன்றுவரை தெரியாது. என் மத்தியானங்கள் மறுபடி பழையபடி ஆகின.

ஆனால் நினைவில் நிற்பது அன்று நாங்கள் கீழே இறங்கி வந்த பிறகு நடந்ததுதான். அம்மா குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தார். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது. “நல்லம் என்னம்மா” என்றேன். “மாமா அந்த வருஷம் அங்க நிக்கேல்லயாம்.”

அம்மா திரும்பவில்லை. நல்ல செய்தி சொன்ன திருப்தியோடு நான் போய்க் கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன். அவர் அந்த வருஷம் அங்கே நின்றவராக இருக்க வேண்டும் என்றுதான் அம்மா அவ்வளவு படியும் ஏறினார் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.